காட்டா-1 சுவிட்ச் அல்ல

ரத்த அணுக்கள் உருவாவதை விளக்கும்போது பெரும்பாலோர் செய்யும் தவறு, "இந்தப் புரதம் அந்த மரபணுவை ஆன் செய்கிறது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது. சிவப்பணுவுக்கு இன்றியமையாத காட்டா-1 புரதத்தையே பாருங்கள். ஹீமோகுளோபினுக்கான குளோபின் மரபணுக்களைத் தூண்டுகிறது, சரி. வளரும் அதே செல்லில் காட்டா-2, கிட் மரபணுக்களை அடக்குவதும் அதுவேதான். ஃபாக்-1 போன்ற துணைப் புரதங்களில் எது கூட நிற்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை புரியும்.

டிஎன்ஏவில் காட்டா-1-க்கு உரிய எழுத்துவரிசையைக் கண்டதும் "இங்கே ஒட்டும்" என்று முடிவுகட்டுவது அடுத்த தவறு. அந்த வரிசை மனித மரபணுத் தொகுதியில் லட்சக்கணக்கான இடங்களில் வருகிறது. காட்டா-1 உண்மையில் உட்காருவதோ நூற்றில் ஒன்றுக்கும் குறைவான இடங்களில். மற்றவை பெரும்பாலும் இறுகச் சுருண்டு மூடிக் கிடக்கும்.

மரபணுவின் நகலான ஆர்என்ஏவின் அளவைப் பார்த்துப் புரதத்தின் அளவை ஊகிக்கவும் கூடாது. டைமண்ட்-பிளாக்ஃபேன் ரத்தசோகையில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் கோளாறால் காட்டா-1-இன் ஆர்என்ஏ இருந்தும் புரதம் போதிய அளவு உருவாவதில்லை.

அப்புறம், காஸ்ஜெவி சிகிச்சை. அரிவாள் செல் நோய்க்காக 2023 நவம்பரில் பிரிட்டனிலும் டிசம்பரில் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. டிஎன்ஏவை வெட்டும் கருவியான கிரிஸ்பரைக் குறிப்பிட்டு, "கிரிஸ்பர் கொண்டு பழுதான மரபணுவைத் திருத்திவிட்டார்கள்" என்று எழுதுகிறார்கள். திருத்தவில்லை! பீட்டா குளோபினில் இருக்கும் எழுத்துப்பிழை அப்படியே இருக்கிறது. பிறந்த பிறகு கருக்கால ஹீமோகுளோபினை அடக்கி வைக்கும் புரதம் பிசிஎல்11ஏ. அதன் மரபணுவுக்குள், அந்த மரபணுவின் வேலையைக் கூட்டும் ஒரு தூண்டுபகுதி உண்டு. அங்கே காட்டா-1 ஒட்டும் இடத்தைத்தான் வெட்டுகிறார்கள். பிசிஎல்11ஏ குறைய, கருக்கால ஹீமோகுளோபின் மறுபடி உருவாகி, பழுதானதன் குறையை ஈடுகட்டுகிறது. அந்தப் பகுதி சிவப்பணு வரிசையில் மட்டும் வேலை செய்வது. பிசிஎல்11ஏ மரபணுவையே முடக்கினால் என்ன என்று கேட்கலாம். நோயெதிர்ப்புக்கான பி-செல்கள் உருவாக அது வேண்டுமே! எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த நுணுக்கம் இதுதான்: ஒரு புரதத்தை ஒரு வகைச் செல்லில் மட்டும் குறைக்க, இன்னொரு புரதம் ஒட்டும் இடத்தைக் கெடுப்பது.

மாற்றம் நடப்பது ரத்த ஸ்டெம் செல்களில் மட்டும். சிகிச்சை பெற்றவர் குணமானாலும், அவருடைய பிள்ளைகளுக்கு அந்தப் பிழையுள்ள மரபணு போய்ச் சேரும்.