தடைக்குப் பிறகு அந்தப் பணம் எங்கே போனது? சிகரெட் விளம்பரக் கணக்கைப் படிக்கும் முறை

2009 ஏப்ரல் முதல் தேதி அமெரிக்காவில் சிகரெட்டுக்கான மத்திய வரி பாக்கெட்டுக்கு 39 சென்டிலிருந்து 1.01 டாலராக ஏறியது. அங்கே இருந்த என் அண்ணன் அந்த நாளுக்காகவே காத்திருந்தவர் போலப் பேசினார். "விலை ஏறட்டும்மா, அதோட விட்டுடறேன்." விலை ஏறியது. கொஞ்ச நாளில் அவர் பெயர் அச்சிட்ட ஓர் உறை தபாலில் வந்தது. பாக்கெட்டுக்கு ஒரு டாலர் கழிவு என்று உள்ளே நான்கு கூப்பன்கள். அவர் விடவில்லை.

நான் கணக்குத் தணிக்கை பார்ப்பவள். மற்றவர்கள் எழுதிய பேரேடுகளைப் புரட்டிப் பார்ப்பதே இருபது வருஷத்துக்கு மேலாக என் வேலை. அண்ணன் அந்த உறையைப் பற்றிப் போனில் சொன்னதும் எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் ஒரு கேள்வி வந்தது: அந்த நான்கு டாலரை அந்த நிறுவனம் எந்தத் தலைப்பில் எழுதியிருக்கும்? அதைத் தேடப் போய்க் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். கூட்டலும் வகுத்தலும் தெரிந்த யாரும் இதைச் செய்யலாம்.

முதலில் அட்டவணையைக் கையில் எடுங்கள்

சிகரெட் நிறுவனங்களின் விளம்பரச் செலவு பற்றி வெளியில் கிடைக்கும் மிக நீண்ட கணக்கு அமெரிக்காவினுடையது. அங்குள்ள மத்திய வர்த்தக ஆணையமான ஃபெடரல் டிரேட் கமிஷன் 1967 முதல் பெரிய தயாரிப்பாளர்களிடம் கேட்டு வாங்கி அறிக்கையாக வெளியிட்டு வருகிறது. கமிஷனின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கும். தகவல் ஓரிரண்டு வருஷம் பின்தங்கித்தான் வரும். எந்த நிறுவனம் எவ்வளவு செலவழித்தது என்று பிரித்துத் தர மாட்டார்கள், எல்லாம் சேர்ந்த மொத்தம்தான்.

முன்னுரையைப் படிக்க வேண்டாம், நேராகப் பின்னால் இருக்கும் அட்டவணைகளுக்குப் போங்கள். அங்கே தலைப்பின் கீழ் சின்ன எழுத்தில் "ஆயிரம் டாலர்களில்" என்று போட்டிருக்கும். அதைக் கவனிக்காமல் விட்டால் எல்லாமே ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். நான் அட்டவணையைத் தாளில் அச்செடுத்து, ஸ்கேலை வைத்து வரி வரியாகத்தான் படிப்பேன். திரையில் பார்த்தால் கண் பெரிய எண்களுக்கே ஓடுகிறது. இந்தக் கணக்கில் சிறிய எண்களும் பூஜ்யங்களும் அதே அளவு பேசும்.

தடை வந்த வருஷத்தைக் கண்டுபிடித்து, இரண்டு பக்கமும் பாருங்கள்

1971 ஜனவரி 2 முதல் அமெரிக்கத் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் சிகரெட் விளம்பரம் கூடாது என்று சட்டம் வந்தது. ஜனவரி 1 என்று வைக்காததற்குக் காரணம் உண்டு. புத்தாண்டு அன்று நடக்கும் கால்பந்துப் போட்டிகளில் கடைசியாக ஒரு தடவை விளம்பரம் போட்டுக்கொள்ளட்டும் என்று அந்த ஒரு நாளை விட்டுக்கொடுத்தார்கள்.

1970-ல் மொத்தச் செலவு சுமார் 36 கோடி டாலர். 1971-ல் அது 25 கோடியாக இறங்கியது. இங்கேயே நிறுத்திவிட்டால் தடை ஜெயித்துவிட்டதாகத் தோன்றும். ஸ்கேலைக் கொஞ்சம் கீழே நகர்த்துங்கள். வெளிப்புறப் பலகைகள் என்ற செலவு வரி 1970-ல் சுமார் 70 லட்சம் டாலராக இருந்தது, மறு வருஷமே 6 கோடியை எட்டிவிட்டது. பத்திரிகைகளுக்குப் போன பணமும் அதே வருஷம் ஏறியது. மொத்தம் 1975-ல் 49 கோடி, 1980-ல் 124 கோடி.

இதைத்தான் நான் முதல் விதியாக வைத்திருக்கிறேன்: அட்டவணையில் ஒரு வரி இறங்கினால், அதே வருஷம் ஏறிய வரியைத் தேடுங்கள். தணிக்கையில் இது பாலபாடம். ஒரு தலைப்பில் செலவு திடீரென்று நின்றால், செலவே நின்றுவிட்டது என்று எந்தத் தணிக்கையாளரும் எழுதிவிட மாட்டார். பக்கத்துத் தலைப்பைத் திறந்து பார்ப்பார்.

அட்டவணையில் இல்லாத ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1967-லிருந்து அமெரிக்க ஒளிபரப்பு நிலையங்கள் சிகரெட் விளம்பரங்களுக்கு எதிர்வாதமாகப் புகைப்பழக்கத்துக்கு எதிரான அறிவிப்புகளையும் இலவசமாகப் போட வேண்டியிருந்தது. சிகரெட் விளம்பரம் நின்றதும் அந்த அறிவிப்புகளும் பெரும்பாலும் காணாமல் போயின. ஆகவே ஒரு தடையால் நிறுவனங்களுக்கு என்ன நஷ்டம் என்று பார்க்கும்போது, என்ன லாபம் என்றும் பாருங்கள்.

1998 நவம்பரில் 46 மாநிலங்களும் பெரிய சிகரெட் நிறுவனங்களும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்கும் இதே பயிற்சியைச் செய்யலாம். தெருவோரப் பலகைகள், பேருந்து விளம்பரங்கள், கார்ட்டூன் உருவங்கள், பிராண்டு பெயர் போட்ட தொப்பி, பனியன் எல்லாம் அதோடு போயின. பலகைகளுக்கான செலவு 1998-ல் 29 கோடி டாலருக்கும் மேல். 2000-ல் ஒரு கோடிக்கும் கீழ். மொத்தச் செலவோ 1998-ல் 673 கோடி, 1999-ல் 824 கோடி, 2003-ல் 1,515 கோடி. ஒப்பந்தம் போட்ட ஐந்தே வருஷத்தில் இரண்டு மடங்குக்கும் மேல். முதல் தடவை இதைப் பார்த்தபோது ஏதோ வரி மாற்றிப் படித்துவிட்டேன் என்று நினைத்து ஸ்கேலை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தேன்.

தலைப்புகள் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள்

பலரும் வழுக்கி விழும் இடம் இது. 2001 வரை "விளம்பர ஊக்கத்தொகை" என்று ஒரே பெரிய வரி இருக்கும். 2002 முதல் கமிஷன் அதைப் பிரித்துவிட்டது: விலைத் தள்ளுபடி தனி, சில்லறை வியாபாரிக்கான ஊக்கத்தொகை தனி, மொத்த வியாபாரிக்கானது தனி. இது தெரியாமல் 2001-ஐயும் 2002-ஐயும் வரிக்கு வரி ஒப்பிட்டால் தள்ளுபடி வானத்திலிருந்து குதித்த மாதிரி இருக்கும், ஊக்கத்தொகை சரிந்து விழுந்த மாதிரி இருக்கும். இரண்டும் நடக்கவில்லை. பிரித்த வரிகளைக் கூட்டிவிட்டு அப்புறம் ஒப்பிடுங்கள்.

பிரித்ததால் நமக்கு ஒரு பெரிய நன்மை. 2003-ல் செலவான 1,515 கோடியில் சுமார் 1,080 கோடி வெறும் விலைத் தள்ளுபடி என்று அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. 2022-லும் மொத்தச் செலவில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் தள்ளுபடிதான்.

"தள்ளுபடி எப்படிம்மா விளம்பரமாகும்?" என்று என் மகள் கேட்டாள். சரியான கேள்வி. இந்தத் தள்ளுபடி நேராகப் புகைப்பவர் கைக்கு வருவதில்லை. பாக்கெட்டுக்கு இவ்வளவு குறைத்து விற்றால் அந்தக் குறைவை நாங்கள் ஈடுகட்டுகிறோம் என்று நிறுவனம் வியாபாரியிடம் ஏற்பாடு செய்துகொள்கிறது. தொழிலில் இதற்கு 'பை-டவுன்' என்று பெயர். அடுக்கில் எந்தப் பாக்கெட் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும் என்பதற்கு ஊக்கத்தொகை என்ற தலைப்பிலிருந்து பணம் போகிறது. ஆக, பலகையும் பாட்டும் இல்லாமலேயே, வாங்கும் இடத்தில், வாங்கும் நொடியில், அந்தப் பிராண்டு குறைந்த விலையோடு முன்னால் நிற்கிறது. அரசு வரி போடுவது விலை ஏறினால் ஆட்கள் விடுவார்கள் என்ற நம்பிக்கையில். அந்த ஏற்றத்தின் ஒரு பகுதியைத் தள்ளுபடி விழுங்கிவிடுகிறது. விலைக்கு அதிகம் அசைபவர்கள் இளைஞர்களும் காசு குறைந்தவர்களும். அவர்களைத்தான் இது பிடித்துவைக்கிறது.

மொத்தத்தோடு நிற்காதீர்கள், பாக்கெட்டால் வகுங்கள்

2021-ல் மொத்தச் செலவு 806 கோடி டாலர், 2022-ல் 801 கோடி. "விளம்பரச் செலவு குறைந்தது" என்று தலைப்புப் போட இது போதும். ஆனால் அதே அறிக்கையில் விற்ற சிகரெட்டுகளின் எண்ணிக்கையும் இருக்கிறது: 2021-ல் 19,020 கோடி, 2022-ல் 17,350 கோடி. பாக்கெட்டுக்கு இருபது. வகுத்துப் பாருங்கள். 2021-ல் ஒரு பாக்கெட்டை விற்க ஏறக்குறைய 85 சென்ட் செலவு செய்திருக்கிறார்கள், 2022-ல் 92 சென்ட். பாக்கெட்டுக்கான செலவு குறையவில்லை, விற்ற பாக்கெட்டுகள்தான் குறைந்திருக்கின்றன. மிச்சம் விற்கும் ஒவ்வொரு பாக்கெட் மேலும் இன்னும் அதிகமாகப் பணம் விழுகிறது.

பழைய வருஷங்களோடு ஒப்பிடும்போது பணவீக்கத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்க நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி 1970-ன் ஒரு டாலர் 2022-ல் சுமார் ஏழரை டாலர். அப்போதைய 36 கோடி 2022-ன் மதிப்பில் 270 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். தொலைக்காட்சி முழுக்கச் சிகரெட் விளம்பரம் ஓடிய கடைசி வருஷத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு 2022-ல் செலவானது. விற்றதோ அன்றைய 50,000 கோடிக்கும் மேற்பட்ட சிகரெட்டுகளில் மூன்றில் ஒரு பங்குதான்.

கணக்கில் வராததைக் கண்ணால் எண்ணுங்கள்

தொலைக்காட்சித் தடை வந்த அதே 1971-ல் ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் என்ற சிகரெட் நிறுவனம் நாஸ்கார் கார்ப் பந்தயத்துக்குப் பணம் கொடுக்க ஆரம்பித்தது. 2003 வரை அந்தப் பட்டத்தின் பெயரே வின்ஸ்டன் கப், வின்ஸ்டன் என்பது அவர்களுடைய சிகரெட்டின் பெயர். விளம்பரம் வாங்க முடியாத திரையில் பந்தயம் ஓடுகிறது, பந்தயத்தின் மேல் பெயர் இருக்கிறது.

இதை எப்படி அளப்பது என்று ஆலன் பிளம் என்ற மருத்துவர் காட்டினார். 1989-ல் மார்ல்பரோ சிகரெட்டின் பெயரில் நடந்த மார்ல்பரோ கிராண்ட் பிரீ கார்ப் பந்தயத்தின் ஒளிபரப்பை எடுத்துக்கொண்டு, அந்தப் பெயரோ சின்னமோ எத்தனை தடவை தெரிகிறது என்று எண்ணினார். 94 நிமிட ஒளிபரப்பில் 5,933 தடவை. நீங்களும் இதைச் செய்யலாம். பத்து நிமிடக் காட்சியை எடுங்கள், தாளில் ஐந்தைந்தாகக் கோடு போடுங்கள். ஓட்டுநரின் உடை, காரின் மூக்கு, தடுப்புச் சுவர், கோப்பை தரும் மேடை எல்லாம் தனித்தனிப் பத்தியில். நான் முதல் தடவை எண்ணியபோது நான்காவது நிமிடத்தில் பென்சில் பின்தங்கிவிட்டது, நிறுத்தி நிறுத்தித்தான் முடித்தேன்.

பெயர் மறைந்த பிறகும் எண்ணுவதை விடாதீர்கள். ஃபெராரி பந்தயக் கார்களில் மார்ல்பரோ என்ற சிகரெட் பெயர் போன பின்னும் அதே சிவப்பு-வெள்ளையில் பார்கோடு போன்ற ஒரு வடிவம் இருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் 2010 மே மாதம் அதை எடுத்தார்கள். 2018-ல் அதே கார்களில் 'மிஷன் வின்னோ' என்ற பெயர் வந்தது. பின்னால் இருந்தது மார்ல்பரோவை விற்கும் அதே பிலிப் மோரிஸ் நிறுவனம். ஒரு பெயர் சந்தேகம் தந்தால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்தப் பெயரில் வாங்குவதற்கு ஏதாவது பொருள் இருக்கிறதா? இல்லையென்றால் பணம் கொடுத்தது யார், அவர் எதை விற்கிறார்?

உலக சுகாதார அமைப்பின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை 2005-ல் நடைமுறைக்கு வந்தது. அது விளம்பரத்துக்குத் தரும் விளக்கம் இந்த வேலைக்கு ரொம்ப உதவும். நோக்கம் மட்டும் இல்லை, விளைவும், விளையக்கூடியதும் கணக்கில் சேரும் என்கிறது. "நாங்கள் அதற்காகச் செய்யவில்லை" என்ற பதில் அங்கே செல்லாது. முழுத்தடை போடாத நாடுகள் இந்தச் செலவுக் கணக்கை அரசிடம் ஒப்படைக்கச் சொல்ல வேண்டும் என்பதும் அதன் 13-வது பிரிவில் இருக்கிறது. உங்கள் நாடு இதை ஏற்று உறுதிசெய்து, முழுத்தடை போடாமல் இருந்தால், அந்தக் கணக்கு எங்கே என்று எழுதிக் கேளுங்கள்.

அவர்கள் எழுதியதையே படியுங்கள்

வழக்குகளாலும் 1998 ஒப்பந்தத்தாலும் வெளியே வந்த நிறுவனக் கடிதங்கள், குறிப்புகள், திட்டத் தாள்கள் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆவணக் களஞ்சியத்தில் இருக்கின்றன. ஒரு கோடியே நாற்பது லட்சத்துக்கும் மேல். யாரும் இணையத்தில் தேடலாம். 'விளம்பரம்' போன்ற பொதுச் சொல்லைப் போட்டுத் தேடினால் மூழ்கிவிடுவீர்கள். பை-டவுன் போன்ற தொழில் சொல்லையும் ஒரு வருஷத்தையும் சேர்த்துப் போடுங்கள். நல்ல தாள் ஒன்று சிக்கினால் அதன் ஓரத்தில் அச்சிட்ட பேட்ஸ் எண்ணை (வழக்குத் தாள்களுக்குப் போடும் வரிசை எண்) குறித்துக்கொண்டு அடுத்தடுத்த எண்களையும் தேடுங்கள். ஒரே கோப்பில் இருந்தவை பெரும்பாலும் அடுத்தடுத்த எண்ணோடுதான் இருக்கும். அடியில் ஒருவர் பென்சிலால் எழுதிய குறிப்பு சில நேரம் தட்டச்சு செய்த ஐந்து பக்கத்தைவிட அதிகம் சொல்லும்.

அண்ணனின் உறையை நான் முதலில் 'நேரடித் தபால் விளம்பரம்' என்ற வரியில்தான் தேடினேன். தபாலில்தானே வந்தது. அங்கே இல்லை. வரியின் விளக்கத்திலேயே கூப்பன் நீங்கலாக என்று போட்டிருக்கிறது. விலைத் தள்ளுபடி வரியிலும் இல்லை, அதன் விளக்கமும் கூப்பனை விலக்குகிறது. கூப்பன்களுக்கென்று தனி வரி. வடிவமைத்தது, அச்சடித்தது, அனுப்பியது, கடைசியில் கழித்த டாலர் எல்லாம் அதற்குள் அடக்கம். 2009 அறிக்கையில் அந்த வரியின் கீழ் ஸ்கேலை வைத்து, ஓரத்தில் அண்ணன் பெயரைப் பென்சிலால் எழுதினேன். அவர் இப்போது இல்லை. அந்தத் தாள் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.