கோடியக்கரை, முத்துப்பேட்டை, வடுவூர்: போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காவிரி டெல்டாவில் தேசியப் பூங்கா கிடையாது. கிண்டி, முதுமலை, முக்குருத்தி, ஆனைமலை, மன்னார் வளைகுடா என்று தமிழ்நாட்டின் ஐந்தும் வேறு பக்கம் இருக்கின்றன. அதனாலேயே நம் ஊர்க்காரர்கள் பலர், "இங்க பார்க்க என்ன இருக்கு, வயலும் வாய்க்காலும்தானே" என்று சொல்லிவிட்டு மலைக்கு வண்டி பிடிக்கிறார்கள். முதல் தவறு இதுதான். கோடியக்கரை 1967-இலேயே சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002-இல் தமிழ்நாட்டிலிருந்து முதன்முதலாக ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்ததும் அதுதான். முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் வேதாரண்யம் பெருஞ்சதுப்பும் அதற்குள்தான் அடக்கம். அடுத்த ஏறக்குறைய இருபது வருடம் மாநிலத்தில் வேறு எந்த இடத்துக்கும் அந்தத் தகுதி கிடைக்கவில்லை.

'சரணாலயம்தானே, பூங்கா அளவுக்குக் கெடுபிடி இருக்காது' என்று நினைப்பவர்களும் உண்டு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இரண்டுக்கும் பொது. தேசியப் பூங்காவுக்குள் கால்நடை மேய்ச்சல் அறவே கூடாது, சரணாலயத்தில் கட்டுப்பாட்டோடு அனுமதிக்க இடம் உண்டு. வித்தியாசம் இப்படிச் சில விஷயங்களில்தான். வேட்டை, தீ வைப்பு, ஆயுதத்தோடு நுழைவது எல்லாம் இரண்டிலும் குற்றம்தான். கோடியக்கரையின் வெளிமான் அந்தச் சட்டத்தில் புலி இருக்கும் அதே முதல் அட்டவணையில் இருக்கிறது. படம் எடுப்பதற்காக வண்டியில் அதைத் துரத்துவது விளையாட்டு இல்லை.

இனி நிலத்தைப் பார்க்கும் விதத்தில் வரும் தவறு. என் கணக்கில் மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான். கோடியக்கரையில் இறங்கியதும் பலருக்கு ஏமாற்றம். ஒரு பக்கம் பாலை மரங்கள் நிற்கும் வறண்ட பசுமைமாறாக் காடு, மறுபக்கம் குட்டைப் புல்லும் மணலும் சேறுமாகப் பொட்டல். "இந்த இடத்துல நாலு மரம் நட்டா நல்லா இருக்குமே" என்று நல்ல மனதோடு சொல்வார்கள். நடக்கூடாது. வெளிமான் ஒளிந்து பிழைக்கும் பிராணி இல்லை. எதிரியைத் தூரத்திலேயே பார்த்து, ஓடித் தப்பிக்கிறது. கண்ணுக்கெட்டும் வரை திறந்து கிடக்கும் புல்வெளிதான் அதற்குப் பாதுகாப்பு. சீமைக்கருவேலம் புகுந்த இடமெல்லாம் அந்த வெளி சுருங்குகிறது. அழகு என்று நாம் படம் எடுக்கும் மட்டக்குதிரைகளும் காட்டு இனம் இல்லை, எப்போதோ அவிழ்த்துவிடப்பட்ட வீட்டுக்குதிரைகளின் வாரிசுகள். மானுக்கு வேண்டிய புல்லை மேய்வதோடு, சீமைக்கருவேல நெற்றைத் தின்று விதையைச் சாணத்தில் பரப்பியும் விடுகின்றன. அவற்றுக்குப் பிஸ்கட் போடாதீர்கள். குரங்குகளுக்கும் அப்படித்தான்.

வெளிமான் கூட்டத்தைப் பார்க்கும்போது இன்னொரு குழப்பம் வரும். முறுக்கிய நீளக் கொம்பும் கறுத்த முதுகும் வெள்ளை வயிறுமாக ஒன்றிரண்டுதான் கண்ணில் படும். சுற்றிலும் கொம்பில்லாமல், வெளிர்பழுப்பாக நிற்பவை வேறு ஜாதி மான் என்று நினைத்துவிடுவார்கள். அவை பெண்கள். இளம் கிடாக்களும் பழுப்பாகத்தான் இருக்கும், வயது ஏற ஏறத்தான் கறுக்கும். புள்ளிமான் தனி, அதுவும் இங்கே உண்டு.

முத்துப்பேட்டைக்கு வருவோம். "கடலுக்குப் போற தண்ணி எல்லாம் வீண்" என்று டெல்டாவில் டீக்கடைதோறும் சொல்கிறோம். கடைமடை விவசாயியின் வலி எனக்குத் தெரியும், கருகும் பயிரைப் பார்த்தவர்கள் அப்படிப் பேசாமல் இருக்க முடியாது. ஆனாலும் கோரையாறும் பாமணியாறும் கொண்டுவந்து சேர்க்கும் நன்னீர்தான் அங்கே கடல்நீரின் உப்பைத் தணிக்கிறது. அது குறைந்தால் காடு குட்டையாகிறது, இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளரும் இடம் கெடுகிறது, காயல் மீனவர் வலை காலியாக வருகிறது. நீரோட்டம் நின்றால் என்ன ஆகும் என்பதை அந்தக் காடே ஒருமுறை காட்டியிருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் தரை தாழ்ந்து, உள்ளே வந்த கடல்நீர் திரும்ப வழியில்லாமல் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு ஏறி, விதை முளைக்காத பொட்டலானது. பிற்காலத்தில் வனத்துறையும் மா.சா. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் மீன்முள் வடிவத்தில் வாய்க்கால்கள் வெட்டி ஓதநீர் (கடல் ஏற்ற இறக்கத்தில் வரும் நீர்) வந்து போக வழி செய்த பிறகுதான் கன்றுகள் பிடித்தன.

அங்கே படகை விட்டு இறங்கினால், சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக நீட்டிக்கொண்டிருப்பவற்றைக் குச்சி என்று மிதிக்காதீர்கள். அவை அலையாத்தி மரத்தின் மூச்சு வேர்கள். காற்றில்லாத சேற்றில் மரம் அவற்றால்தான் சுவாசிக்கிறது. இலையைப் பறிக்காமல் விரலால் தடவி நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். வேர் வழியாக ஏறிய உப்பை இலை வெளியே தள்ளுகிறது.

வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் பறவைகள் சரணாலயங்கள் விஷயத்தில் தவறு காலத்தில் வருகிறது. இரண்டும் 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை. ஆனால் அடிப்படையில் பாசன ஏரிகள். பள்ளி விடுமுறை என்று மே மாதத்தில் பிள்ளைகளை அழைத்துப் போனால் வெடித்த தரையைத்தான் பார்ப்பீர்கள். மேட்டூர்த் தண்ணீரும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து ஏரி நிரம்பிய பிறகு, நவம்பர் முதல் ஜனவரி வரை போங்கள். விடியற்காலையோ மாலையோ நல்லது. உச்சிவெயிலில் போய்விட்டு 'ஒண்ணுமே இல்ல' என்பது நியாயமில்லை. நத்தைகுத்தி நாரையைக் கவனியுங்கள், மூடிய அலகின் நடுவே ஓர் இடைவெளி தெரியும். வயல் நத்தையை எடுத்துத் தின்ன வாகான அலகு அது. கூடு கட்டும் மரத்தடியில் சத்தம் போட்டால் தாய்ப்பறவை எழுந்து பறக்கும், அந்த நேரம் பார்த்துக் காக்கை முட்டையைத் தூக்கும். டிரோன் வேண்டவே வேண்டாம்.

ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் கோடியக்கரைக் கடலில் நீராட வருகிறவர்கள் பிளாஸ்டிக் பையையும் சாப்பாட்டுப் பொட்டலத்தையும் அங்கேயே விட்டுப்போகிறார்கள். சோற்று வாசனைக்கு மானும் குரங்கும் பையோடு சேர்த்து விழுங்கும். தர்ப்பணம் கொடுத்த கையோடு குப்பையைத் திருப்பி எடுத்து வர ஒரு சாக்குப் பை போதும். தை, மாசி இரவுகளில் கடற்கரையில் டார்ச் அடித்துத் திரியாதீர்கள். பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறும் காலம் அது, வெளிச்சம் பட்டால் திரும்பிக் கடலுக்கே போய்விடும்.

கடைசியாக ஒன்று. கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல ஆண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறார்கள். சைபீரியா வரை போய்வரும் உள்ளான்கள்கூட அதில் உண்டு. காலில் வளையமோ வண்ணக் கொடியோ உள்ள பறவையைக் கண்டால் பிடிக்க முயலாமல், தூரத்திலிருந்தே எண்ணையும் நிறத்தையும் படமெடுத்து, நாளும் இடமும் குறித்து, அந்தக் கழகத்துக்கோ பக்கத்து வனச்சரக அலுவலகத்துக்கோ அனுப்பிவிடுங்கள்.