போனும் வெயிலும் போதும்: உங்கள் தாவலின் உயரத்தை நீங்களே அளக்கலாம்

உடல் அசைவுகளை இயற்பியல் கணக்கால் ஆராயும் பயோமெக்கானிக்ஸ் என்றதும் உடம்பெல்லாம் பளபளக்கும் உருண்டைகளை ஒட்டிக்கொண்டு ஓடும் வீரர், சுற்றிலும் கேமராக்கள், தரையில் பாதம் அழுத்தும் விசையை அளக்கும் விலை உயர்ந்த ஃபோர்ஸ் பிளேட் என்றுதான் நினைவுக்கு வரும். அதெல்லாம் ஆய்வுக்கூடத்தில் இருக்கட்டும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு நின்ற இடத்திலிருந்து மேலே குதிக்கும் ஒரு தாவலே போதும், அதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

முதலில் அடிப்படை. பாதம் தரையை விட்ட பிறகு உடலை இழுப்பது புவியீர்ப்பு மட்டும்தான், இவ்வளவு சின்ன தாவலில் காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மேலே போகும் நேரமும் கீழே வரும் நேரமும் சமம் என்பதால், காற்றில் இருந்த மொத்த நேரம் தெரிந்தால் உயரமும் தெரிந்துவிடும். கார்மெலோ போஸ்கோவும் உடன் ஆய்வாளர்களும் 1983-ல் வெளியிட்ட புகழ்பெற்ற தாவல் சோதனையும் இந்த நேரத்தைத்தான் அளந்தது.

படி 1: போனைத் தரையோடு தரையாக, ஷூவுக்குப் பக்கவாட்டில் நிறுத்துங்கள். பாதமும் தரையும் தொடும் கோடு தெளிவாகத் தெரிய வேண்டும். ஸ்லோ மோஷனில் நொடிக்கு 240 பிரேம் (வீடியோவின் தனித்தனிப் படம்) இருந்தால் அதையே வையுங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் படம் மினுக்கும், வெயிலில் எடுப்பதே நல்லது.

படி 2: உடம்பைக் கொஞ்சம் சூடேற்றிக்கொண்டு, இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்துக் குதியுங்கள். கையை வீசினால் உயரம் கூடிவிடும், அப்புறம் கால் எவ்வளவு செய்தது, கை எவ்வளவு செய்தது என்று பிரிக்க முடியாது. இறங்கும்போதுதான் பலரும் கோட்டை விடுகிறார்கள்: காற்றிலேயே முழங்காலை மடக்கிக்கொண்டு இறங்கினால் பாதம் தரையைத் தொடத் தாமதமாகும், குதிக்காத உயரமெல்லாம் கணக்கில் ஏறிவிடும். கிளம்பியது போலவே காலை நீட்டி, நுனிவிரல் முதலில் படும்படி இறங்கி, தரையைத் தொட்ட பிறகு மடக்குங்கள்.

படி 3: வீடியோவைக் கணினியில் திறந்து ஒவ்வொரு பிரேமாக நகர்த்துங்கள். விண்டோஸில் ஓடும் கினோவியா என்ற மென்பொருள் இலவசம், இதற்கு அதுவே தாராளம். இரண்டு பாதமும் தரையை விட்ட முதல் பிரேம், ஏதாவது ஒரு பாதம் திரும்பத் தொட்ட முதல் பிரேம், இரண்டையும் குறித்துக்கொண்டு இடையில் எத்தனை பிரேம் என்று பாருங்கள். திரையில் ஓடும் நேரத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள். 240-ல் எடுத்ததைப் பல போன்கள் 30-ல் ஓடும் கோப்பாகச் சேமிப்பதால் அரை நொடித் தாவல் நான்கு நொடியாகத் தெரியும், அதைக் கணக்கில் போட்டால் நீங்கள் ஆறு மாடிக் கட்டடத்தையே தாண்டியிருப்பீர்கள்! பிரேம் எண்ணிக்கையை 240-ஆல் வகுத்தால் சரியான நேரம் வந்துவிடும்.

படி 4: நேரத்தை அதே நேரத்தால் பெருக்கி, வருவதை 122.6-ஆல் பெருக்குங்கள். விடை சென்டிமீட்டரில் வரும். (புவியீர்ப்பு முடுக்கமான 9.81-ஐ 8-ஆல் வகுத்து சென்டிமீட்டருக்கு மாற்றியதுதான் அந்த 122.6.) 120 பிரேம் என்றால் 0.5 நொடி, உயரம் சுமார் 30.7 செ.மீ. ஒரு பிரேம் தவறி 121 என்று எண்ணினால் விடை அரை சென்டிமீட்டர்தான் கூடும். இதையே சாதாரண 30 பிரேம் வீடியோவில் செய்தால் ஒரு பிரேம் பிசகுக்கு 4 செ.மீ. போய்விடும், மாதக்கணக்கில் பயிற்சி செய்து கிடைக்கிற முன்னேற்றமே சில சமயம் அவ்வளவுதான் இருக்கும்.

படி 5: இதுதான் எனக்குப் பிடித்த இடம். சட்டென்று மடங்கி எழும் தாவலில் மூன்று எடுங்கள். அப்புறம் முழங்காலை மடக்கி, இரண்டு மூன்று நொடி அசையாமல் நின்று, அங்கிருந்தே கீழே இறங்காமல் குதித்து மூன்று எடுங்கள். பெரும்பாலும் இரண்டாவது வகையில் உயரம் சில சென்டிமீட்டர் குறையும். சட்டென்று மடங்கும்போது, இறங்கும் உடலை நிறுத்துவதற்காகவே தொடைத் தசைகள் நன்றாக இறுகிவிடுகின்றன, ஆகவே மேலே கிளம்பும் முதல் கணத்திலேயே முழு விசை தயாராக இருக்கிறது. இழுபட்டு நீளும் தசைநாண்கள் (தசையை எலும்போடு இணைக்கும் நார்கள்) திருப்பித் தரும் ஆற்றலுக்கும் இதில் பங்கு உண்டு, எது எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் ஓடுகிறது.

சுவரில் சாக்பீஸ் கோடு போட்டு அளந்த நண்பரின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிட வேண்டாம். அவர் கணக்கு குதிகால் தரையில் இருக்கும்போதே தொடங்குகிறது, உங்களுடையது நுனிவிரலில் எழும்பித் தரையை விட்ட பிறகுதான் தொடங்குகிறது, அதனால் ஒரே தாவலாக இருந்தாலும் அவர் முறையில் எண் பெரிதாகத்தான் வரும்.