பழைய ஜப்பானிய ஆல்பம் கையில் கிடைத்தால்

போன மாதம் ஒரு தம்பி டோக்கியோ பழம்பொருள் சந்தையில் வாங்கிய குடும்ப ஆல்பத்தைக் கொண்டுவந்தான். 1920கள், சுமிதா ஆற்றங்கரை. திறந்ததும் வயிற்றைப் பிசைந்தது: படங்களை எல்லாம் தாளிலிருந்து பிய்த்திருந்தான். பன்னிரண்டு வருடத்துக்கு முன் நான் செய்த அதே வேலை. ஈரக்கை, வெயில் பற்றியெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதனால் செய்யக்கூடாத மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

படத்தைப் பிய்ப்பது

என் ஆல்பத்தில் தடித்த கருப்புத் தாள்கள். படங்களுக்குப் பக்கத்தில் வெள்ளை மையில் சின்னச் சின்னக் குறிப்புகள். தாள் ஓரமெல்லாம் உதிர்ந்ததால், மெல்லிய கத்தியால் படங்களை எடுத்துப் புதிய பசை ஆல்பத்தில் ஒட்டினேன். கருப்புத் தாள்களைக் குப்பையில் போட்டேன்.

அதில் ஒரு படம்: மரக்கழி அடித்த கரை, கட்டிய படகு, துவைத்த துணியைப் பிழிந்தபடி ஒரு சிறுமி. பக்கத்தில் நான்கு எழுத்துகள். முதல் இரண்டு 'ஓகாவா', பெரிய ஆறு. சுமிதாவின் கீழ்ப்பகுதியை ஊர்க்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். மற்ற இரண்டும் எனக்குப் படிக்க வரவில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அவள் பெயராக இருந்திருக்கலாம். இன்றைக்கு நினைத்தாலும் ஆத்திரமாக வருகிறது. அந்தப் பசையும் பழுத்துப் படத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் முழுதாகப் படமெடுங்கள். தானாகக் கழன்ற படம் என்றால் எண் எழுதிய காகித உறையில் போடுங்கள். தாள் எவ்வளவு உதிர்ந்தாலும் எறியாதீர்கள்.

ஆண்டை உத்தேசமாகப் போடுவது

குறிப்புகளில் ஆண்டு ஜப்பானியப் பேரரசர் காலக்கணக்கில் இருக்கும். தைஷோ காலத்து ஆண்டோடு 1911-ஐக் கூட்டுங்கள், அடுத்து வந்த ஷோவா என்றால் 1925-ஐ. தைஷோ 12 என்பது 1923, பெரும் பூகம்பம் வந்த ஆண்டு. குறிப்பே இல்லையென்றால் பாலத்தைப் பாருங்கள். பூகம்பத்துக்குப் பின் எழுந்த எய்தாய் பாலம் 1926, கியோசு தொங்குபாலம் 1928. கியோசு முழுதாகத் தெரிகிற படத்துக்கு 1925 என்று எழுதிவைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

குறிப்பில் 'அரகாவா' என்றிருந்தால் வேறு ஆறு என்று நினைப்பது

1965 வரை சுமிதாவின் சட்டப்பெயரும் அரகாவாதான்.

இடப்பக்கமிருந்து எண்ணிடுவது

குறிப்பு மேலிருந்து கீழாக ஓடினால் ஆல்பம் வலப்பக்கமிருந்து தொடங்கும். கரையோரக் கிடங்குகளின் பழைய பெயர்ப்பலகைகளையும் வலமிருந்தே படிக்க வேண்டும்.

கண்ணாடி நெகட்டிவைத் திருப்பி ஸ்கேன் செய்வது

கிமோனோவில் உடுத்தியவரின் இடது மடிப்புதான் மேலே வரும். வலது மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை. படத்தில் எல்லோருக்கும் அப்படி இருந்தால் நெகட்டிவைத் திருப்புங்கள்.

தண்ணீரில் கழுவுவது

வேண்டவே வேண்டாம்.

நல்லவேளை, அந்தத் தம்பி தாள்களை எறியவில்லை, அட்டைப்பெட்டியில் வைத்திருக்கிறான். பசைத் தடத்தையும் படங்களின் பின்புறக் கறையையும் பொருத்திப் பார்த்ததில் ஒன்பது படங்களுக்கு இடம் கிடைத்துவிட்டது. மீதியோடு ஞாயிற்றுக்கிழமை வருகிறான்.