தென்னங்குருத்தைக் குடையும் வண்டு உங்கள் எருக்குழியில்தான் வளர்கிறது

காலையில் தென்னையை அண்ணாந்து பாருங்கள். புதிதாக விரிந்த மட்டையில் ஓலைகள் இரண்டு பக்கமும் கத்தரிக்கோலால் சாய்வாக நறுக்கியதுபோல் இருந்தால் காண்டாமிருக வண்டு வந்து போயிருக்கிறது. அது குடைந்தபோது அந்த ஓலை குருத்துக்குள் மடங்கிக் கிடந்தது, விரிந்து நம் கண்ணில் படும்போது கடித்துப் பல வாரம் ஆகியிருக்கும். அதனால் மட்டையைப் பார்த்துவிட்டு அன்றே மருந்து தேடி ஓடிப் பயனில்லை.

நான் இருப்பது மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம். இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர், எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. வீட்டுப் பின்வேலியைத் தாண்டினால் செம்பனைத் தோட்டம். 25 வருடம் ஆன மரங்களைச் சாய்த்து, சில்லு சில்லாக நறுக்கி அங்கேயே மக்கவிட்டுப் புதுக் கன்று வைக்கிறார்கள். திறந்தவெளியில் எரிப்பதற்குச் சட்டத்தில் தடை இருக்கிறது, அது நல்ல சட்டம், புகைமூட்டத்தில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் அந்த மக்கும் தண்டுதான் இந்த வண்டுக்குத் தொட்டில். பக்கத்தில் மறுநடவு நடந்தால் நம் வீட்டுத் தென்னையும் அடிபடும். நானும் மூன்று வருடம் தோட்டத்தைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வரிசையில் ஒரு தாத்தா இருக்கிறார், லயத்திலேயே பிறந்து, முதலில் பால்மரம் சீவி, பிறகு செம்பனைக் குலை வெட்டி ஓய்வு பெற்றவர். நான் டார்ச் லைட்டை வைத்துக்கொண்டு குருத்தைப் பார்ப்பதை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, "என்னாம்மா, வண்ட மரத்துல தேடுற? எருக்குழியத் தோண்டிப் பாரு" என்றார்.

தோண்டினேன். மாட்டுச் சாணமும் வாழைத்தண்டும் சமையல் கழிவும் போட்டு ஆறு மாதம் கிளறாமல் விட்ட குழி அது. ஒரு சாண் ஆழத்தில் கட்டைவிரல் பருமனில் வெள்ளைப் புழு, அரைவட்டமாகச் சுருண்டு, காப்பிக்கொட்டை நிறத்தில் தலை, வால் பக்கம் தின்ற எரு தோலுக்குள்ளே கறுப்பாகத் தெரிகிறது. 38 வரை எண்ணினேன். இயற்கை உரம் என்று ஆசையாகச் சேர்த்த குழிதான் என் தென்னைக்கு எமனாக இருந்திருக்கிறது.

இந்த வண்டின் வளர்ச்சியைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பெண் வண்டு மக்கும் பொருளுக்குள் புகுந்து முட்டையிடும். பத்துப் பன்னிரண்டு நாளில் பொரியும். புழு மூன்று நான்கு மாதம் அங்கேயே தின்று கொழுத்துக் கூட்டுப்புழுவாகி, அப்புறம்தான் வண்டு. புழு தென்னையைத் தொடாது, குருத்துக்குப் பறப்பது வளர்ந்த வண்டு மட்டுமே. ஆக, மாதம் ஒருமுறை குழியை அடிவரை புரட்டிப் புழுவைப் பொறுக்கிவிட்டால் அந்தக் குழியிலிருந்து வண்டு வெளியே வர வழியே இல்லை.

மேலே கிளறினால் போதாது, மண்வெட்டியால் அடி எருவை மேலே கொண்டுவர வேண்டும். பொறுக்கிய புழுவைக் கோழிக்குப் போடுங்கள், கோழி இல்லாவிட்டால் சோப்புத் தண்ணீர் வாளியில். எருவில் இருக்கும் எல்லாப் புழுவையும் கொல்லாதீர்கள். தட்டையாக, சாம்பல் கலந்த பழுப்பில், உடம்பெல்லாம் வளையம் வளையமாக, சுருளாமல் நெளிந்து ஓடுவது கருஞ்சிப்பாய் ஈயின் புழு, அது கழிவைத் தின்று எருவாக்கித் தருகிறது, இருக்கட்டும். குழியின் மேல் பழைய மீன்வலையை இரண்டு மூன்று மடிப்பாக விரித்து ஓரத்தில் கல் வையுங்கள். உள்ளிருந்து வெளியேறும் வண்டும் வெளியிலிருந்து முட்டையிட வரும் வண்டும் காலில் வலை சிக்கி மாட்டிக்கொள்ளும். கிழிந்த வலை கோல சிலாங்கூர் பக்கம் மீன்பிடிக்கும் குடும்பங்களிடம் கேட்டால் கிடைக்கும், நான் அப்படித்தான் வாங்கினேன்.

வெட்டிய தென்னைத் தண்டு, மரத்தின் அடிமுண்டு, மில்லிலிருந்து உரத்துக்காக அள்ளிவந்த பழம் உதிர்ந்த செம்பனைக் குலை, இவையும் குழி மாதிரிதான். தண்டைப் பிளந்து வெயிலில் காயப்போடுங்கள், ஈரம் இல்லாத மரத்தில் அது முட்டையிடுவதில்லை. குலையை மலையாகக் குவிக்காமல் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். நான் ஒரு மூலையில் சின்னக் குவியல் மட்டும் வேண்டுமென்றே விட்டு வைத்திருக்கிறேன், சுற்று வட்டாரத்து வண்டு அதில் வந்து முட்டையிடும், மாதாமாதம் நான் புழுவை எடுத்துவிடுவேன். மறந்துவிடுவேன் என்று நினைப்பவர்கள் இதைச் செய்ய வேண்டாம், ஆபத்து.

மெட்டாரைசியம் என்ற பூஞ்சையும் இருக்கிறது, செம்பனைத் தோட்டங்களில் பயன்படுத்துகிறார்கள். ஈரமான எருவில் கலந்தால் புழுவின் தோல் வழியாக உள்ளே போய்க் கொல்லும், செத்த புழு விறைத்து முதலில் வெள்ளை பூத்து அப்புறம் பச்சையாக மாறும். கிடைத்தால் மாலையில் போடுங்கள், வெயில் பட்டால் வீணாகிவிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வண்டைத் தாக்கும் வைரஸ் ஒன்றை 1963இல் ஆலோய்ஸ் ஹூகர் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் நம் நாட்டு வண்டுப் புழுக்களில்தான் முதன்முதலில் கண்டுபிடித்தார். 1967இல் அதைச் சமோவா தீவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள், அங்கே வண்டு வெகுவாகக் குறைந்து தென்னைகள் தேறின. நம் மண்ணிலிருந்து போன மருந்து கடல் தாண்டித் தென்னையைக் காப்பாற்றியிருக்கிறது என்பது எனக்கு இன்றும் சந்தோஷம்.

சரி, மரத்தில் ஏற்கெனவே ஏறிவிட்ட வண்டை என்ன செய்வது? இளங்கன்றில் கை எட்டும், அதனால் அவசரமும் அங்கேதான், குருத்தின் அடி அடிபட்டால் கன்றே செத்துவிடும். மட்டை இடுக்கில் விரல் நுழையும் அளவு ஓட்டை இருக்கும். ஓட்டை வாயில் மென்று துப்பிய நார் ஈரமாக, புதிதாக இருந்தால் வண்டு உள்ளே இருக்கிறது. காய்ந்து பழுப்பாகிவிட்டால் போய்விட்டது. சைக்கிள் சக்கரக் கம்பியின் நுனியைத் தூண்டில் முள்போல் வளைத்து, ஓட்டையின் போக்கிலேயே மெதுவாக விட்டு, மெத்தென்று தட்டுப்பட்டதும் திருப்பி இழுங்கள். அவசரப்பட்டுக் குத்தினால் குருத்தைத்தான் குத்துவீர்கள். எடுத்த பிறகு மேலிருக்கும் மூன்று மட்டைகளின் இடுக்கில் ஒரு பங்கு வேப்பம் புண்ணாக்குத் தூளும் இரண்டு பங்கு மணலும் கலந்து ஒரு கைப்பிடி வையுங்கள். மழை அடித்துப் போய்விட்டால் மறுபடி. இதே இடுக்குகளில் மீன்வலைத் துண்டைச் சுருட்டி வைத்தாலும் இரவில் வரும் வண்டு சிக்கும், காலையில் பார்த்து எடுத்துவிட வேண்டும். சிலர் அந்துருண்டை வைக்கிறார்கள், வாசனையில் வண்டு வராது என்பது உண்மைதான், ஆனால் அது ரசாயனம், நான் வைப்பதில்லை. ஓட்டையிலிருந்து பழுப்பு நீர் வடிந்து கெட்ட வாடை அடித்தால் அது சிவப்புக் கூன்வண்டாக இருக்கலாம். அது தண்டுக்குள்ளேயே குடும்பம் நடத்துகிற வண்டு, கம்பிக்கு அடங்காது, உடனே விவசாய இலாகாவில் சொல்லுங்கள்.

கத்தரிச் செடிக்கு வருவது வேறு வண்டு. இலை சல்லடையாகி நரம்பு மட்டும் மிஞ்சியிருக்கும். பார்த்தால் பொறிவண்டு மாதிரியே இருக்கும், ஆரஞ்சு கலந்த பழுப்பு முதுகில் 28 கரும்புள்ளி. அசுவினியைத் தின்னும் நல்ல பொறிவண்டுக்கு முதுகு எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும், இதற்கு மெல்லிய ரோமம் படர்ந்து மங்கலாக இருக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் நல்லதையும் சேர்த்து நசுக்குகிறவர்கள் நிறைய, பிறகு அசுவினி பெருகிவிட்டது என்று வருத்தப்படுவார்கள். இலையைத் திருப்பிப் பாருங்கள். அடியில் மஞ்சள் முட்டைகள் நட்டு வைத்ததுபோல் கூட்டமாக நிற்கும். அந்த இலைத் துண்டைக் கிள்ளி எடுத்தாலே ஒரு கூட்டம் ஒழிந்தது. மஞ்சளாக, உடம்பெல்லாம் முள்ளாக இருப்பது அதன் புழு, இலையை அதிகம் சுரண்டுவது அதுவும்தான்.

புழு நிறைய இருந்தால் வேப்பெண்ணெய். லிட்டருக்கு 5 மில்லி எண்ணெய், பாத்திரம் கழுவும் சோப்பு சில சொட்டு. முதலில் எண்ணெயையும் சோப்பையும் குழைத்துவிட்டு வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் பால்போல் வெளுக்கும், எண்ணெய் மேலே மிதந்தால் கலக்கவில்லை, அப்படியே அடித்தால் இலை கருகும். ஐந்து மணிக்கு மேல், இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடியுங்கள், வாரம் ஒருமுறை மூன்று வாரம். முதல் தடவை இரண்டு இலையில் மட்டும் அடித்து ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். அடித்த உடனே வண்டு விழாது, வேப்பெண்ணெய் அதன் பசியைக் கெடுக்கும், புழு தோலுரித்து வளர்வதைத் தடுக்கும், அவ்வளவுதான், ஆனால் அது போதும். பூண்டு மிளகாய்க் கரைசலில் எனக்குப் பெரிய பலன் தெரியவில்லை.

வெள்ளரி, பீர்க்கு, பூசணிக்கு வருகிற ஆரஞ்சு நிறச் சின்ன வண்டு கன்று இரண்டு இலை விடும்போதே மொட்டையடித்துவிடும். அதற்கு மருந்தைவிடக் கொசுவலை நல்லது. நாலைந்து இலை வரும்வரை மூடி வைத்து, கொடி ஓட ஆரம்பித்ததும் எடுத்துவிடுங்கள், பூ வந்த பிறகும் மூடியிருந்தால் தேனீ வராது, காய் பிடிக்காது. வலை இல்லாவிட்டால் விடியற்காலையில் பனி ஈரத்தோடு வண்டு மந்தமாக இருக்கும்போது கையால் பிடியுங்கள், எட்டு மணிக்கு மேல் பறந்துவிடும். சலித்த விறகுச் சாம்பலைத் தூவலாம், மழை பெய்தால் திரும்பத் தூவ வேண்டும். இதன் புழு மண்ணுக்குள் வேரைத் தின்று வளர்வது, அதனால் காய்ப்பு ஓய்ந்த கொடியை அப்படியே வாடவிடாமல் வேரோடு பிடுங்கி, அந்த மண்ணைக் கொத்திப் புரட்டிக் கோழியை விடுங்கள். அடுத்த முறை அந்த இடத்தில் கொடி போடாமல் தண்டங்கீரையோ வெண்டையோ போடுங்கள்.