புஷ் டீ போடக் கற்பவர்கள் செய்யும் தவறுகள்

ஜூலை பிறந்துவிட்டால் கிங்ஸ்டனில் என் வீட்டுக்கு ஆள் வரத் தொடங்கிவிடும். ஆகஸ்ட் 1 ஜமைக்காவில் அடிமைத்தனம் ஒழிந்த விடுதலை நாள். அன்றைக்கு முன்னோர் குடித்த மூலிகைக் கஷாயத்தைத் தங்கள் கையாலேயே போட வேண்டும் என்று இங்கே வேலைக்கு வந்த நம்மவர்களும் கேட்பார்கள், இந்த ஊர் இளையவர்களும் கேட்பார்கள். இந்த ஊரில் காபி, கோகோ, இலைச்சாறு என்று சூடாக எதைக் குடித்தாலும் அது 'டீ'தான். செடிகொடி போட்டால் 'புஷ் டீ'.

பதினாறு வருடங்களுக்கு முன் நான் செய்த தவறுகளையே அவர்களும் செய்கிறார்கள். இலையைக் கழுவுங்கள், சாக்கடை ஓரத்தில் பறிக்காதீர்கள் என்றெல்லாம் எழுதப் போவதில்லை. இங்கே சமைத்துச் சாப்பிடும் அக்கீப் பழம் பழுக்காவிட்டால் விஷம் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும், அதையும் விடுகிறேன்.

"பாகற்காய்தானே!"

என்னை இன்றைக்கும் கோபப்படுத்துவது இந்த ஒரு வார்த்தை.

செரசி என்பது காட்டுப் பாகல். நம் பாகற்காயும் இதுவும் ஒரே இனம், காய் மட்டும் சின்னது. ஜமைக்காவில் காயை விட்டுவிட்டு இலையையும் தண்டையும்தான் காயவைத்துக் கொதிக்க வைப்பார்கள். உடம்பைச் சுத்தப்படுத்த, தோல் அரிப்புக்கு, சர்க்கரைக்கு என்று பாட்டிமார் கொடுப்பார்கள். வாரம் ஒரு நாள் பாகற்காய்ப் பொரியல் சாப்பிடுகிற நமக்கு இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

அந்த வருடம் திருச்சியிலிருந்து சித்தப்பா வந்திருந்தார். பல வருடச் சர்க்கரை, கிளிபென்கிளமைடு மாத்திரை போடுபவர். நான் அப்போதுதான் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் செரசி போடக் கற்றிருந்தேன். பாட்டி ஒரு கைப்பிடி போட்டால் நான் மூன்று கைப்பிடி போட்டேன். தண்ணீர் கரும்பச்சையாகி, விளிம்பில் நுரை கட்டி, வாயில் வைத்தால் நாக்கு மரத்துப்போகிற கசப்பு. காலை, மதியம், இரவு மூன்று வேளையும் கொடுத்தேன். சித்தப்பாவும் மருந்தென்று நம்பி மடக் மடக்கென்று குடித்தார்.

நான்காம் நாள் விடியற்காலை அவர் படுக்கை தொப்பலாக நனைந்திருந்தது. கை நடுங்கியது. என்னை என் அம்மாவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். குளுக்கோமீட்டரில் 46. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததும் தெளிந்தார். அதோடு விட்டிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும். அந்த மாத்திரையின் வேகம் நீண்ட நேரம் நிற்கும், ஒருமுறை ஏறிய சர்க்கரை மறுபடி இறங்கலாம் என்று சொல்லி, மருத்துவமனையில் ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்த்தார்கள்.

திரும்பி வந்ததும் பாட்டி என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "அவர் என்ன மாத்திரை போடுகிறார் என்று கேட்டாயா?" நான் கேட்கவில்லை. பாட்டி யாருக்கு டீ போட்டாலும் முதலில் பத்து நிமிடம் பேச்சுக் கொடுப்பார். எங்கே வலி, என்ன மருந்து, மாதவிலக்கு எப்போது, நேற்று என்ன சாப்பிட்டாய்? வம்பளக்கிறார் என்று நினைத்துக்கொண்டு நான் இலையை மட்டும் பார்த்துக் கற்றிருந்தேன். அவர் கையிலிருந்த வைத்தியத்தில் பாதி அந்தப் பேச்சில் இருந்தது.

ஆகவே சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு, அவர்களின் மருத்துவருக்குத் தெரியாமல் செரசி கொடுக்காதீர்கள். ஜி6பிடி குறைபாடு (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ளவர்களுக்கும் வேண்டாம். விதையில் உள்ள வைசின் என்ற பொருள் அவர்களின் சிவப்பணுக்களை உடைத்துவிடலாம். ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் இந்தக் குறைபாடு அதிகம் என்பதால் இங்கே இதைக் கேட்டே ஆக வேண்டும்.

போன மாதம்கூட ஒரு பையன் தன் மாமனாருக்குப் பெரிய பாட்டில் நிறைய வடித்து எடுத்துப் போகப் பார்த்தான். மாத்திரை போடுகிறாரா என்றேன். "அக்கா, பாகற்காய்தானே!" பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டேன்.

கர்ப்பிணிக்குச் செரசி

கூடவே கூடாது.

சாரலை அடுப்பில் வைத்துக் கொதிக்க விடுவது

சாரல் நம் புளிச்சக்கீரை வகை. சிவந்த புல்லிவட்டம்தான் பயன்படும். கிறிஸ்துமஸுக்குத்தான் புதிதாகக் கிடைக்கும், ஆகஸ்டில் காய்ந்ததை எடுத்துக்கொள்கிறோம். சிலர் கொதிக்க வைப்பார்கள், எனக்குப் பிடிக்காது, மணம் செத்துவிடுகிறது. இஞ்சியைத் துருவிப் போட்டு, நாலைந்து பிமெண்டோ (ஆல்ஸ்பைஸ்) மணிகளைத் தட்டிப் போட்டு, கொதிநீரை ஊற்றி மூடி வைத்துவிடுங்கள். மறுநாள் வடிகட்டிச் சர்க்கரை சேர்த்தால் போதும்.

அலுமினியப் பாத்திரம்

வேண்டாம். சாரலின் புளிப்பு அலுமினியத்தை அரிக்கும்.

"எல்லாம் நம்ம ஊர் மூலிகைதான்"

எலுமிச்சைப் புல்லைப் பார்த்ததும், ரணகள்ளியைப் பார்த்ததும் நம்மவர்கள் இப்படிச் சொல்லிவிடுகிறார்கள். செடி நமக்குத் தெரிந்ததாக இருக்கலாம். இந்த மண்ணில் அதை மருந்தாக்கியவர்கள் கரும்புத் தோட்டத்தில் அடிமைப்பட்டிருந்த ஆப்பிரிக்கர்கள். அவர்களுக்கு முன்பே இங்கே இருந்த டைனோ மக்களின் அறிவும் அதில் கலந்திருக்கிறது. 1760இல் டாக்கி என்பவர் தலைமையில் அடிமைகள் செய்த கலகத்தை ஒடுக்கிய கையோடு, ஆப்பிரிக்கர்களின் மாந்திரீக, வைத்திய வழக்கமான ஒபியாவுக்கு எதிராக வெள்ளையர்கள் சட்டம் போட்டார்கள். பச்சிலை அறிந்த கிழவிகள் மேலும் அதன் நிழல் விழுந்தது. அந்தக் கெடுபிடியிலும் கைமாறி வந்தது இது. இந்தியக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பல் ஓல்ட் ஹார்பர் பேயில் கரை சேர்ந்தது 1845இல்தான்.

தேதியைக் குழப்புவது

ஜூன்டீந்த் (ஜூன் 19) அமெரிக்காவில் அடிமைகளின் விடுதலையைக் கொண்டாடும் நாள். இங்கே ஆகஸ்ட் 1. அதிலும் 1834 என்று எழுதிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். பிரிட்டனின் அடிமை ஒழிப்புச் சட்டம் அன்று நடைமுறைக்கு வந்தது, ஆனால் ஆறு வயதுக்குக் கீழான குழந்தைகளுக்குத்தான் உடனே விடுதலை. மற்றவர்களைப் 'பயிற்சியாளர்' என்று பெயர் மாற்றி, கூலியில்லாமல் அதே தோட்டத்தில் உழைக்க வைத்தார்கள். முழு விடுதலை 1838 ஆகஸ்ட் 1. எல்லாக் காலனிகளுக்கும் சேர்த்து நட்ட ஈடாக இரண்டு கோடி பவுண்டு ஒதுக்கினார்கள், அது போனது எஜமானர்களுக்கு. உழைத்தவர்களுக்கு ஒரு காசுகூட இல்லை.

1838 ஜூலை 31 இரவு ஃபால்மவுத் தேவாலயத்தில் மக்கள் விழித்திருந்தார்கள். விடிந்ததும் சங்கிலியையும் சவுக்கையும் சவப்பெட்டியில் வைத்துப் புதைத்தார்கள். எங்கள் தெருவிலும் அந்த இரவு விழித்திருக்கிறோம். இரவெல்லாம் பெரிய பானையில் டீ கொதிக்கும். வருகிறவர்களில் யார் என்ன மாத்திரை போடுகிறார் என்று ஒவ்வொருவரையும் கேட்க முடியாது. அதனால் அன்றைக்கு எலுமிச்சைப் புல்லும் இஞ்சியும் மட்டும்தான். செரசி டப்பா மேல் அலமாரியிலேயே இருக்கும்.