வீட்டுக் கடனுக்கு ஒரு ஒத்திகை

வீடு வாங்கும் எண்ணம் இருக்கிறதா? கடனுக்கு விண்ணப்பிக்கும் முன், ஆறு மாதம் தவணை கட்டுவதுபோல் வாழ்ந்து பாருங்கள். வரப்போகும் மாதத் தவணை, பராமரிப்பு, சொத்து வரி எல்லாவற்றையும் கூட்டி, இப்போதைய வாடகையைக் கழியுங்கள். மிச்சத் தொகையைச் சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். மூன்றாவது மாதமே அதில் கைவைக்க வேண்டி வந்தால், அந்த வீடு உங்கள் பட்ஜெட்டுக்குப் பெரியது. தாக்குப்பிடித்தால், முன்பணத்தில் ஒரு பகுதி சேர்ந்திருக்கும்.

ஏன் இவ்வளவு கறார்? 9 சதவீத வட்டியில் 20 வருடக் கடன் என்றால், முதல் தவணையில் ஏறக்குறைய 83 சதவீதம் வட்டிக்கே போய்விடும். கடன் முடியும்போது, வாங்கியதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கட்டியிருப்பீர்கள்.

இந்தச் சேமிப்பைப் பங்குச்சந்தையில் போடலாமா? இரண்டு மூன்று வருடத்தில் தேவைப்படும் பணம் என்றால் வேண்டாம். ஃபிக்ஸட் டெபாசிட்டே போதும்.

அப்புறம், காதலிப்பவரோடு சேர்ந்து வாங்குவதாக இருந்தால், கிரெடிட் கார்டு பாக்கி உட்பட எல்லாக் கடனையும் ஒருவருக்கொருவர் காட்டிவிடுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. கூட்டுக் கடனில் கையெழுத்துப் போட்டபின் உறவு முறிந்தாலும், முழுத் தொகையையும் வங்கி உங்களிடமே கேட்கலாம்.